சந்தேகத்தின் பலன்

1

எங்கள் மகள் இனியா மெல்போர்னில் பிறந்தவள். பன்னிரண்டு வயதாகிறது. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போய், எழுத்துக்கூட்டி வாசிக்கிற அளவுக்குக் கற்றிருக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு இறங்குவாள். அதனால் அவள் தமிழில் பேச்செடுத்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம் டேப்லட்டும் கையுமாக அடுப்படிக்கு வந்தாள்.

"அப்பா, எதிரின்னா எனிமிதானே?"

"ஆமா. எதுக்குக் கேக்குற?"

"நீங்க யாருக்கு எதிரி?"

டேப்லட்டை என் முன்னால் வைத்தாள். தமிழ்ப் பள்ளியில் 'என் அப்பாவின் ஊர்' என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் படம் கிடைக்குமா என்று தேடியவள், கூடவே என் பெயரையும் போட்டிருக்கிறாள். படத்துக்குப் பதிலாகத் தீர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. 'ஏழாம் எதிரி அழகர்சாமி. எட்டாம் எதிரி கருப்பசாமி.' அந்த அழகர்சாமி நான்தான்.

நம் ஊர் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். கோர்ட் படி ஏறியவர்களுக்கு இது தெரியும். மெல்போர்னில் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நான் விளக்கினேன். என் மனைவி மலர் குழாயை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பெண் பார்க்கப் போன அன்றே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்கினேன்.

இனியா விடவில்லை. கூடவே கிடைத்த உயர் நீதிமன்ற உத்தரவையும் திறந்து வைத்திருந்தாள். அது ஆங்கிலத்தில் இருந்தது. "உங்க கேஸை ஸ்குவாஷ் பண்ணிட்டாங்கன்னு இருக்கு. நசுக்கிட்டாங்களா?"

"ஸ்குவாஷ் இல்லடா. குவாஷ். ரத்து பண்றது."

"ஓகே. உங்களுக்குக் கேஸே இல்ல. ஆனா இந்தக் கருப்பசாமிக்கு 'சந்தேகத்தின் பலன்'னு போட்டிருக்கு. அப்போ அவர் ஏதோ பண்ணியிருக்கார், இல்லையா?"

"இல்ல" என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. அடுத்த சில நாட்கள், கார் ஓட்டும்போது முன்னால் போகிறவனைப் பார்த்து நான் சத்தம் போட்டால், பின் இருக்கையிலிருந்து கண்ணாடி வழியாக என்னையே கவனித்தாள். முன்பெல்லாம் அப்படிக் கவனிக்க மாட்டாள்.

2

நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே வயக்காடுகளுக்கு நடுவில் எங்கள் ஊர். என் பெற்றோர் காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்தவர்கள். எங்கள் தெருவில் முதலில் எம்.எஸ்ஸி. சேர்ந்தவன் நான். கருப்பசாமி பள்ளியிலிருந்தே என் கூட்டாளி. பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுப் போலீஸ் வேலைக்கு என்று விடியுமுன் எழுந்து ஓடிப் பழகிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷத் திருவிழாவில், முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்று தகராறு வந்தது. கல் பறந்தது. மேலத்தெருக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் எரிந்தது. எங்கள் தெருவில் மீசை முளைத்த அத்தனை பேர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறியது. நானும் கருப்பசாமியும் அந்த நேரத்தில் ஊரிலேயே இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்குச் செய்முறைத் தேர்வு. அவன்தான் தன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். தேர்வு முடிய இருட்டிவிடும், அதற்குப் பிறகு ஊருக்குப் பஸ் கிடையாது என்பதால் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தான்.

இருவரையும் ஒன்றாகத்தான் பிடித்தார்கள். ஜாமீனில் வந்த பிறகு தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் ஒன்றாகவே கையெழுத்துப் போட்டோம்.

என் பேராசிரியர் நல்ல மனிதர். அந்த நேரம் நான் தேர்வுக்கூடத்தில்தான் இருந்தேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு, உயர் நீதிமன்றக் கிளை இருக்கிற ஒத்தக்கடைக்குப் போனோம். என் மீதான வழக்கு ரத்தானது. தேர்வு எழுதியவனுக்குச் சான்று உண்டு. வாசலில் காத்திருந்தவனுக்கு யார் சான்று தருவார்கள்?

கருப்பசாமிக்கு விசாரணை நடந்தது. அவன் தரப்புச் சாட்சியாக நானே கூண்டில் ஏறிச் சொன்னேன். "நீங்களும் இந்த வழக்கில் எதிரியாக இருந்தவர்தானே? இவர் உங்கள் நண்பர்தானே?" என்று அரசு வக்கீல் கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடைசியில் தீர்ப்பு வந்தது. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, ஆகவே சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. நாங்கள் சேவு மிக்சர் வாங்கித் தெருவுக்கே கொடுத்தோம்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. கருப்பசாமி காவலர் தேர்வில் பாஸ் பண்ணினான். ஓட்டத்தில் முதல் ஆளாக வந்தான், கயிறு ஏறினான். எல்லாம் முடிந்து நன்னடத்தை விசாரணை வந்தபோது, விடுதலைதான், ஆனால் குற்றமற்றவர் என்று முழுமையாகச் சொல்லி விடுதலை செய்யவில்லை, சந்தேகத்தின் பலனில்தான் விட்டிருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை எதிர்த்து மேலே போய் அலைந்து முடிப்பதற்குள் வயது வரம்பு தாண்டிவிட்டது.

எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. விசா கிடைத்தது. நான் விமானம் ஏறினேன்.

ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அம்மா போனில் சுற்றி வளைத்துச் சொன்னாள். "படிச்சவன் ஒருத்தன் மட்டும் வெளிய வந்துட்டான்னா, உள்ள மத்தவுகளப் பத்தி என்னமோ எழுதிக் குடுத்துட்டுத்தேன் வந்திருப்பான்ண்டு பேசிக்கிறாக."

நான் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் கருப்பசாமி அந்தப் பேச்சை நம்பினானா என்று எனக்குத் தெரியாது. அவன் ஒருமுறையும் கேட்டதில்லை. கேட்காததாலேயே நம்பிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னுடைய பதினைந்து வருஷ மெல்போர்ன் வாழ்க்கைக்கு அடியில் இந்த நினைப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது.

3

இங்கே என்னை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பால் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அரசு முத்திரை போட்ட உறை வந்தால் பிரிப்பதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் குப்பைத்தொட்டி எடுக்கும் நாள் மாறிய அறிவிப்பாக இருக்கும். விமான நிலையத்தில் அதிகாரி திரையை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தால் பையில் இருக்கும் ஐகோர்ட் உத்தரவைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எந்த நாட்டிலாவது உங்கள் மீது வழக்கு இருந்ததா என்று கேட்டிருந்தார்கள். உள்ளதை எழுதி, ஐகோர்ட் உத்தரவையும் வைத்து அனுப்பினேன். நேர்காணலில் அந்த அம்மாள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தபடி, "இதில் ஒன்றுமில்லை" என்றார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று வீடு வரும் வரை மலரைப் பாடாய்ப் படுத்தினேன்.

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதாங்க" என்றாள் அவள். "கேஸ கோர்ட்டு முடிச்சிருச்சு. நீங்கதான் இன்னும் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கீங்க."

இனியா கேட்டதைக் கருப்பசாமியிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போக ஏற்கனவே டிக்கெட் எடுத்திருந்தோம். கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் போன் செய்தேன். கோச்சடை பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லு மாப்ள. எப்ப வாரீங்க?"

"வெள்ளிக்கெழம. டேய், அந்தத் தீர்ப்பு இன்னும் நெட்ல கெடக்குடா."

"எது? பேர மறைக்கச் சொல்லி ஆர்டர் வாங்கி ஒரு வருசமாச்சே. நான் தெனமும் காலைல பாத்துட்டுத்தேன் வண்டிய எடுக்குறேன்."

பல் விளக்கியதும் தன் பெயரைப் போனில் தேடுவானாம். ஆங்கிலத்தில் கருப்பசாமியை எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் அடித்துப் பார்ப்பானாம். நீதிமன்றத் தளத்தில் அவன் பெயர் இருந்த இடத்தில் இப்போது புள்ளிகள்தான் இருக்கின்றன. அதன் பிறகுதான் பள்ளியில் வேலை கொடுத்தார்கள். அதற்கு முன்பு ஒரு டாக்ஸி கம்பெனி, பிறகு ஒரு கூரியர் கம்பெனி, இரண்டும் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

"இது கோர்ட்டு சைட்டு இல்லடா. தீர்ப்பையெல்லாம் சேத்து வைக்கிற எவனோ ஒருத்தனோட சைட்டு. அவன் பழைய காப்பிய எடுக்கல. ஊர்ப் பேரோட தேடுனா வருது."



"ஒனக்கு யாரு காமிச்சது?"

"எம்மக பாத்துருச்சு."

"சரி. அப்ப அதேன்." பெருமூச்சு விட்டான். "பேரன்ட்ஸ் குரூப்புல எவனோ அதப் போட்டுவிட்டிருக்கான் மாப்ள. எங்கிட்டுருந்து எடுத்தாய்ங்கண்டு மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தேன். பொங்க லீவு முடிஞ்சு மொத நாளு பிரின்சிபால் மீட்டிங் வச்சிருக்காரு. அம்புட்டுத்தேன், இந்த வேலையும் போச்சு."

போனை வைத்த பிறகு, 'ஒனக்கு யாரு காமிச்சது' என்று அவன் கேட்ட குரலையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைத்தான் சந்தேகப்படுகிறானா?

4

பொங்கல் முடிந்து நாங்கள் தங்கியிருந்த மலரின் அம்மா வீடு கோச்சடையில்தான். பள்ளிக்கு நடந்தே போகலாம். கூட்டத்துக்கு நான் வருகிறேன் என்றதும், "நீ எதுக்கு மாப்ள? ஒம்பேரும் நாறவா?" என்றான் கருப்பசாமி. இனியா தானும் வருவேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். மலர் என்னைப் பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க. நெட்ல பாத்தத நேர்லயும் பாக்கட்டும்" என்றாள்.

வகுப்பறை ஒன்றில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெற்றோர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கருப்பசாமி இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. தீர்ப்பில் அவன் பெயரை மறைக்கச் சொன்ன உத்தரவைப் பிரின்சிபால் வாசித்துக் காட்டினார். வங்கி வேலைக்காரர் போலிருந்த ஒருவர் எழுந்தார்.

"மறைக்கச் சொல்லி ஆர்டர் வாங்கியிருக்காருன்னா, மறைக்கிறதுக்கு என்னமோ இருக்குன்னுதானே சார் அர்த்தம்?"

நான் எழுந்தேன்.

"என் பேரு அழகர்சாமி. இவனோட ஊர்க்காரன். அதே கேஸ்ல நான் ஏழாவது ஆளு. இவன் எட்டாவது ஆளு. சம்பவம் நடந்தப்ப என்னைக் கொண்டுபோய் எக்ஸாமுக்கு விட்டுட்டு, கேட்டுக்கு வெளிய எனக்காக உக்காந்திருந்தான். நான் உள்ள இருந்ததுக்கு அத்தாட்சி இருந்துச்சு. இவன் வெளிய இருந்ததுக்கு இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்."

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தார். யூ.கே.ஜி. படிக்கும் பையனின் அம்மா. பெயர் வித்யா என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா நீங்களும் அந்தக் கேஸ்ல இருந்தவங்க. இவரு உங்க ஃபிரண்டு. உங்க சொல்ல நான் எத வச்சு நம்புறது?"

அன்று அரசு வக்கீல் கேட்ட அதே கேள்வி.

"சந்தேகம்ண்டு ஜட்ஜே எழுதியிருக்காரு" என்று அவர் தொடர்ந்தார். கோபமாகப் பேசவில்லை. "சந்தேகம் இருக்கப்ப அஞ்சு வயசுப் பிள்ளைய எப்படி ஏத்திவிடச் சொல்றீங்க?"

அறையில் சலசலப்பு எழுந்தது. கருப்பசாமி அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"தங்கச்சி கேக்குறது தப்பே இல்ல. எம்பிள்ளைய ஏத்திவிடுற வண்டியா இருந்தா நானும் இப்பிடித்தேன் கேப்பேன். நான் நல்லவன்ண்டு நம்புங்கண்டு கேக்க வரல. வண்டில கேமரா வைங்க. கூட ஒரு ஆயாம்மாவ அனுப்புங்க. எந்தப் பிள்ளைய எங்க ஏத்துனேன், எங்க எறக்குனேன்ண்டு அம்புட்டையும் பாருங்க. சந்தேகம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பாத்துக்கிட்டே இருங்க. வேலைய மட்டும் பறிச்சுறாதீங்க. இதோட மூணாவது வேல."

பிரின்சிபால் அதையே முடிவாக எடுத்துக்கொண்டார். நாளை முதல் ஆயாம்மா வருவார், கேமரா பொருத்தப்படும், விருப்பமில்லாதவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். வங்கிக்காரர் உடனே எழுந்து, தன் பிள்ளைகளைத் தானே கொண்டுவந்து விட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். வித்யா எதுவும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே வந்ததும் இனியா என்னிடம் ஆங்கிலத்தில், "அவர் ஏன் நான் செய்யவில்லை என்று சொல்லவே இல்லை?" என்று கேட்டாள்.

கருப்பசாமிக்குப் புரிந்துவிட்டது. "சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போச்சு கண்ணு" என்றான். "பதினஞ்சு வருசமா அத மட்டுந்தேன் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

5

அன்று சாயங்காலம் எங்களை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போனான். குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தது. இனியா சுட்ட சோளக்கதிர் வாங்கிக்கொண்டு, மைய மண்டபத்தைப் படம் பிடிக்கச் சற்றுத் தள்ளிப் போனாள். நாங்கள் இருவரும் சுவரில் உட்கார்ந்தோம்.

"மாப்ள, ஒண்ணு கேக்கவா?"

என்ன கேட்கப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. "கேளு."

"ஒன்னைய விட்டப்ப, எங்களப் பத்தி என்னமும் எழுதிக் குடுத்தியா?"

"இல்ல."

"சரி."

என்னால் அந்த 'சரி'யோடு விட முடியவில்லை.

"இம்புட்டு வருசமா ஏன்டா கேக்கல?"

"நீ ஆமாண்டு சொல்லிட்டா என்ன செய்றது? எனக்கு இருந்ததே நீ ஒருத்தந்தேன். போலீஸ் வேல இல்ல, ஊருல ஒரு மாதிரி பாக்குறாய்ங்க. ஒன்னையவும் விட்டுட்டா யாருட்ட பேச?"

"இப்ப நான் சொன்னத நம்புறியா?"

"நம்பணும்ண்டு முடிவு பண்ணிட்டுத்தேன் கேட்டேன்." சிரித்தான். "இன்னைக்கு அத்தன பேருக்கு முன்னாடி நான் ஏழாவது ஆளுண்டு எந்திரிச்சு நின்ன பாரு. ஒனக்கு அந்த அவசியமே இல்ல. ஒம்பேரு சுத்தமாத்தானே இருக்கு."

அவன் உண்மையாகவே நம்பினானா, விருந்தாளியை மனம் நோகவிடக் கூடாது என்று சொன்னானா? இதை எழுதும்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்பது வழக்கோடு சேர்ந்து ரத்தாகிவிடுவதில்லை. அதை ரத்து செய்ய எந்த ஒத்தக்கடைக்குப் போவது? ஆனால் அவன் கையை நீட்டி என் தோளில் போட்டான். நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. இருட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

6

மறுநாள் காலை மாமியார் வீட்டு முக்கில் நானும் இனியாவும் போய் நின்றோம். கருப்பசாமியின் வேன் அந்த வழியாகத்தான் வரும். வழக்கமாக அங்கே ஒரு கூட்டமே நிற்குமாம். அன்று மூன்று பிள்ளைகள்தான் நின்றன. கொஞ்சம் தள்ளி, ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பையனின் கையைப் பிடித்தபடி வித்யா நின்றார். ஏற்றிவிட வந்தாரா, யார் யார் ஏற்றிவிடுகிறார்கள் என்று பார்க்க வந்தாரா, தெரியவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டார். தலையசைக்கவில்லை.

மஞ்சள் வேன் வந்து நின்றது. ஆயாம்மா இறங்கிக் கதவைத் திறந்தார். அந்த மூன்று பிள்ளைகளும் ஏறின. பையன் அம்மாவின் கையை இழுத்தான். அவர் நகரவில்லை. பிறகு போனை எடுத்து, வேனுக்குப் பின்னால் போய் நம்பரைப் படம் பிடித்தார். ஆயாம்மாவைப் படம் பிடித்தார். அப்புறம் முன்பக்கம் வந்து, டிரைவர் சீட்டைப் பார்த்து போனைத் தூக்கினார்.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இனியா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

கருப்பசாமி எஞ்சினை அணைத்தான். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தை நேராகத் திருப்பிக் காட்டினான்.

"அங்கிட்டு வெயிலு மறைக்கும் தங்கச்சி" என்றான். "இங்கிட்டு வந்து எடுங்க. அப்பத்தேன் மூஞ்சி தெளிவா விழும்."

வித்யா ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அவன் சொன்ன பக்கம் சுற்றி வந்து, போனைத் தூக்கி, நிதானமாக எடுத்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். போனைக் கைப்பையில் போட்டார்.

பையனை இரண்டு கையாலும் தூக்கி, வேனில் ஏற்றிவிட்டார்.